இறுக்கினால் அடங்குமா?

கேள்வி: மைலேஜ் ஆசையில் பழைய 350 புல்லட்டின் முன் ஸ்ப்ராக்கெட்டை ஒரு பல் பெரிதாக்கினேன். இப்போது செயின் எங்கோ உரசிக் கறகறவென்கிறது. இழுத்து இறுக்கினால் சரியாகுமா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: சத்தம் அடங்கலாம், கியர்பாக்ஸ் பேரிங் அழ ஆரம்பிக்கும்! புல்லட் செயினில் ஒரு பல் கூடினால் ஸ்ப்ராக்கெட்டின் விட்டம் சுமார் 5 மி.மீ. பெருக்கும். அதாவது சுற்றிலும் இரண்டரை மி.மீ. இடம் குறைந்துவிட்டது. முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு, பளபளவென்று தேய்ந்த கோடு எங்கே என்று தேடுங்கள். செயின் கார்டு தகரம் என்றால் லேசாக வளைத்தால் போதும். முன்பக்கம் என்றால் பழைய ஸ்ப்ராக்கெட்டே கதி. முன் ஸ்ப்ராக்கெட்டோ கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பிரைமரி கவர், கிளட்ச் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும்.

பக்கவாட்டில் உரசினால் பின்சக்கரம் கோணலாக இருக்கலாம். செயினை இறுக்கும் இரு பக்கக் கேம்களும் ஒரே பள்ளத்தில் நிற்கின்றனவே என்று நம்பிவிடாதீர்கள், நூல் பிடித்துப் பாருங்கள். கடைசியில், செயின் மிக இறுகி நிற்கும் இடத்தில் 25 மி.மீ. ஆட்டம் வையுங்கள். மிச்சமான பெட்ரோல் காசா? மெக்கானிக்கிடம் கேளுங்கள், அவரிடம்தான் இருக்கும்.