கேமரா பெருசானா குருவியும் பெருசாயிருமாலே?

ஏலே பேராண்டி, செத்த நேரம் இந்தத் திண்ணையில உக்காரு. அந்தக் கேமராக் குழாயைக் கழுத்துல இருந்து எறக்கி வை. ஒங்க ஆச்சி நேத்தே கேட்டா, அது என்ன விலைன்னு. நீ சொன்ன தொகையைக் கேட்டுட்டு, "அந்தப் பணத்துக்கு ரெண்டு கறவமாடு வாங்கலாமே"ன்னா. மாடு வாங்கினா சாணி அள்ளணும், புள்ளைக்கு அது ஆகாதுன்னு ஒனக்காகப் பரிஞ்சு பேசினவன் நான். அதுக்காகவாவது நான் சொல்லுததைக் கேளு.

முதல்ல ஒன் சட்டை. இலை இலையாப் படம் போட்ட பச்சைச் சட்டை, அதுக்குத் தோதாப் பச்சைத் தொப்பி. பறவை கண்ணுக்குத் தெரியாம நிக்கதுக்காம். பங்குனி மாசத்துல நம்ம கொளத்தங்கரையைப் பாத்தியா? புல்லெல்லாம் காஞ்சு மஞ்சக்கலர்ல கெடக்கு. பத்து மைல் சுத்துக்குப் பச்சையா நிக்குதது நீ ஒருத்தன்தான். வெள்ளாடு வந்து மேஞ்சிரப் போவுது, சூதானமா இரு.

வந்ததும் வராததுமா என்ன கேட்ட? "தாத்தா, வரித்தலை வாத்து எங்க நிக்கு?" அது போயாச்சுலே. மார்கழி, தையில கூந்தன்குளத்துக்கு வந்திருந்தா கூட்டங்கூட்டமாப் பாத்திருக்கலாம். மங்கோலியாவுலயும் திபெத்துலயும் குஞ்சு பொரிச்சுட்டு, குளிர் தொடங்கினதும் இமயமலையைத் தாண்டி வருத பறவை அது. 7,000 மீட்டருக்கு மேலயே பறந்திருக்குன்னு கருவி கட்டிவிட்டு அளந்திருக்காவ. மூச்சுவிடக் காத்து பத்தாத ஒசரம். அங்கன இருந்து அது நேரத்துக்கு வந்துட்டு நேரத்துக்குக் கெளம்பிருச்சு. திருநெல்வேலி வரைக்கும் வந்துட்டு, அங்கன இருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸுல வரவேண்டிய நீ, 8 மணிக்கு எந்திரிச்சு, பரோட்டாவும் சால்னாவும் தின்னுட்டு, 11 மணி வெயில்ல வந்து "ஒண்ணையும் காணோமே"ங்குத. பறவை என்ன தாலுகா ஆபீஸா, 10 மணிக்கு மேல தெறக்கதுக்கு?

வாத்து இல்லேன்னதும் மூஞ்சி தொங்கிப்போச்சு. வேலிமேல மைனா, கெணத்தடியில கொண்டலாத்தி, கரண்டு கம்பியில பனங்காடை. எதைக் காட்டினாலும் "இதெல்லாம் எங்கிட்ட இருக்கு தாத்தா"ங்குத. எங்கிட்டு இருக்கு? ஒன் செல்போன்ல இருக்கு. ஒரு தடவை படம் எடுத்துட்டா அந்தச் சாதியோட சோலி முடிஞ்சுபோச்சா? 300 பறவை பாத்துட்டேன், 400 பறவை பாத்துட்டேன்னு எண்ணிக்கை சொல்லுதியே, அதுல ஒண்ணையாவது பத்து நிமிசம் சேந்தாப்புல பாத்திருக்கியா?

சாலிம் அலி பேரு தெரியும்லா? 1896-ல பம்பாயில பொறந்தவரு. ஜெர்மனிக்குப் போய்ப் பறவைப் படிப்புப் படிச்சுட்டுத் திரும்பி வந்தா, ஏற்கெனவே பாத்த வேலை காலி. 1930 வாக்குல கிஹிம்னு ஒரு கடற்கரை ஊர்ல கெடந்தாரு. பக்கத்துல தூக்கணாங்குருவி கூடு கட்டிட்டிருந்தது. நீயா இருந்தா "இது எங்கிட்ட இருக்கு"ன்னு தாண்டிப் போயிருப்ப. அவரு உக்காந்தாரு. நாள் கணக்கா உக்காந்து பாத்து நோட்டுல எழுதினாரு.

அதுல என்ன தெரிஞ்சதுன்னா, கூடு கட்டுதது அம்புட்டும் ஆண்குருவி. பாதி கட்டினதும் நிறுத்திரும். பொட்டைக்குருவி வந்து உள்ள நொழைஞ்சு, இழுத்துப் பாத்து, தொங்கிப் பாத்துச் சோதனை பண்ணும். அவளுக்குப் புடிச்சாத்தான் மிச்சக் கூடு. புடிக்கலேன்னா அது அப்படியே அரைகொறையாத் தொங்கும். நம்ம கெணத்துப் பனையில தொங்குததுல பாதி அப்படி வேண்டாம்னு விட்டதுதான். இன்னும் இருக்கு கேளு. முட்டையில அவ உக்காந்ததும், இவன் பக்கத்துலயே அடுத்த கூட்டுக்கு நார் கிழிக்கப் போயிருவான், அடுத்தவளைக் கூப்பிட. இதை நான் சொன்னப்ப ஒங்க ஆச்சி என்னை ஒரு பார்வை பாத்தா. ஒரு வீட்டைக் கட்டி முடிக்கவே எனக்கு அறுபது வயசாச்சு, அடுத்த வீட்டுக்கு எங்க போறதுன்னு சொல்லித் தப்பிச்சேன்.

நீ அடிக்கடி காட்டுத அந்தச் செல்போன் வித்தையைப் பத்தியும் பேசணும். சத்தத்தைக் கேட்டுப் பேரு சொல்லுதே, அது. நல்ல கருவிதான், நான் குறை சொல்லல. காலையில அது "வல்லூறு"ன்னு எழுதிக் காட்டினதும் நீ எழும்பிக் குதிச்சுக் கேமராவைத் தூக்கிட்டு ஓடின. முருங்கை மரத்துல இருந்தது யாரு? கரிச்சான். வல்லூறு மாதிரிக் கத்தி மைனாக் கூட்டத்தை மெரட்டுதது அவனுக்குக் கைவந்த கலை. எருமை முதுகுல சவாரி பண்ணிக்கிட்டு, காக்காயையும் பருந்தையும் வெரட்டி வெரட்டிக் கொத்துத பய அவன். அவன் கூடு இருக்க மரத்துலயே புறாவும் வந்து கூடு கட்டும், காவலுக்குச் சம்பளமில்லாத ஆளு கெடச்சான்னு. அந்தப் பய மைனாவை மட்டுமில்ல, ஒன் செல்போனையும் சேத்து ஏமாத்திட்டான்.

சிரிக்காதே, விசயம் இருக்கு. நீ பாத்ததுன்னு எழுதி அனுப்புத பட்டியல் சும்மா போறதில்ல. இந்தியப் பறவைகள் எந்த நெலமையில இருக்குன்னு 2020-லயும் 2023-லயும் பெரிய அறிக்கை வந்துச்சே, அதுக்கு அஸ்திவாரமே ஒன்ன மாதிரி ஆளுக எழுதின பட்டியல்தான். கரிச்சானை வல்லூறுன்னு எழுதினா, இல்லாத வல்லூறுக்கு ரேசன் கார்டு போட்ட கதைதான். காதுல கேட்டதைக் கண்ணால பாத்துட்டு எழுது. சந்தேகம்னா எழுதாதே. ஒண்ணு கொறஞ்சா ஒன் மானம் ஒண்ணும் போயிராது.

நேத்து ஓடைக்கரையில நான் ஒன் சட்டையைப் புடிச்சு இழுத்தேன்லா, கோவப்பட்டியே, அது எதுக்குன்னு தெரியுமா? ஆள்காட்டி முட்டை. ஒன் பூட்சுக்கும் அதுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. கூடுன்னு ஒண்ணு கெடையாது. வெறுந்தரையில சரளைக்கல்லு நாலை ஒதுக்கி வச்சு, நடுவுல நாலு முட்டை. கல்லோட கல்லாக் கெடக்கும், அதே நெறம், அதே புள்ளி. தலைக்கு மேல ரெண்டு பறவையும் கத்திக்கிட்டு வட்டம் போட்டுச்சே, ஒன்னைப் பாத்து "தள்ளிப் போலே"ன்னுதான் கத்துச்சு. நீ என்னடான்னா, நல்லா போஸ் குடுக்குன்னு பட்டு பட்டுன்னு படம் எடுத்த. அப்புறம் அதுல ஒண்ணு றெக்கை ஒடிஞ்ச மாதிரி நொண்டி நொண்டி ஓடிச்சு. "ஐயோ பாவம், அடிபட்டிருக்கு"ன்னு நீ பின்னாலயே போன. அது நாடகம்லே. ஒன்னை முட்டைகிட்ட இருந்து கூட்டிட்டுப் போறதுக்குப் போட்ட நாடகம். நீயும் நல்ல புள்ளையாப் பின்னாலயே போன.

இந்த வெயில்ல அது முட்டையை எப்படிக் காப்பாத்துதுன்னு தள்ளி நின்னு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். கொளத்துக்குப் போய் வயித்து இறகைத் தண்ணியில நல்லா நனைச்சுட்டு வந்து முட்டை மேல உக்காரும். சூடு தணியும். காஞ்சதும் மறுபடி போவும், மறுபடி வரும். நீ பக்கத்துல நின்னா அது வரமாட்டாது. அது வராத நேரத்துல வெயில் முட்டையை அவிச்சுப்புடும். ஒரு படத்துக்கு நாலு குஞ்சுன்னு கணக்குப் போட்டுக்கோ.

கூடுன்னு கண்டா ஒங்க ஆளுகளுக்கு என்ன கோட்டி புடிக்குமோ தெரியல. படம் தெளிவா விழணும்னு முன்னால இருக்க கெளையை ஒடிக்காவ. நீ படம் எடுத்துட்டுப் போயிருவ, காக்கா எங்கிட்டுப் போவும்? ஒனக்குத் தெரியுத கூடு அதுக்குத் தெரியாதா? இன்னும் சில பேரு பறவைச் சத்தத்தை ஸ்பீக்கர்ல போட்டு வரவழைக்காவ. ஏதோ எதிரி தன் எடத்துக்குள்ள வந்துட்டான்னு அது தீனி தேடுததை விட்டுட்டுச் சண்டைக்கு ஓடிவருது. வந்து பாத்தா ஒன்னை மாதிரி ஒருத்தன் கேமராவோட பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கான். ஆந்தைக் கூட்டுக்கு வழி போட்டு ஊருக்கெல்லாம் சொல்லுத சோலியும் வேண்டாம். மறுநாள் இருபது காரு வந்து நிக்கும்.

கூந்தன்குளத்து ஆளுகளைப் பாரு. 1994-ல சரணாலயம்னு அறிவிச்சாவ, பொறவு உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியல்லயும் சேத்துட்டாவ. சட்டம் வருததுக்கு முன்னால இருந்தே அங்க மஞ்சமூக்கு நாரை வீட்டு முத்தத்து மரத்துல கூடு கட்டுது. எச்சம் வாசல்ல விழும், மீன் வாடை வீட்டுக்குள்ள வரும். வைய மாட்டாவ. தீவாளிக்கு வேட்டு போட மாட்டாவ. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டியிலயும் அதே வழக்கம்தான். எல்லாம் வெறும் பாசம்னு நெனைச்சு உருகாதே. கொளத்துத் தண்ணியில எச்சம் கலந்தா அது உரம், வண்டலை அள்ளி வயலுக்குப் போட்டா வெளைச்சல். வேடந்தாங்கல்காரவ இந்தக் கணக்கை வெள்ளைக்காரன் காலத்துலயே போட்டுட்டாவ. பட்டாளத்தான் பறவையைச் சுடுதான்னு செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட முறையிட்டு, யாரும் சுடக்கூடாதுன்னு உத்தரவே வாங்கினாவ. சம்சாரிக்குப் பாசமும் உண்டு, கணக்கும் உண்டு. ரெண்டும் இருந்ததாலதான் பறவை மிஞ்சிச்சு.

அங்க போனா உச்சிவெயில்ல ஒரு வீட்டுத் திண்ணையில உக்காரு. தாய்நாரை கூட்டு மேல நின்னு றெக்கையை விரிச்சுப் புடிக்கும். குஞ்சு அந்த நெழல்ல படுத்திருக்கும். மத்தது கொளத்துல இருந்து தொண்டையில தண்ணி கொண்டாந்து குஞ்சு மேல ஊத்தும். இதைப் பாக்க லென்சு தேவையில்ல. குடிக்க மோர் குடுத்தா வாங்கிக் குடிச்சுட்டு, "தேங்ஸ் ஆன்ட்டி"ன்னு சொல்லாம, "வாறேன் பெரியம்மா"ன்னு சொல்லிட்டு வா.

அப்புறம் ஒன் வீட்டு மிருகசாலை. சென்னையில மூணாவது மாடியில ஒரு ஹஸ்கி. சைபீரியாப் பனியில வண்டி இழுத்த சாதியைக் கொண்டாந்து, கத்திரி வெயில்ல ஏசி போட்டு வச்சிருக்க. அதுக்குக் கரண்டு பில்லு கட்டத்தான் நீ வேலைக்கே போறேன்னு ஒங்க அம்மை சொல்லுதா. நம்ம சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம்லாம் கண்ணுக்குத் தெரியலையோ? ராஜபாளையம் நாய்க்கு 2005-ல தபால்தலையே போட்டாவ. சர்க்கார் மதிச்ச நாயை நீ மதிக்கல. ஆனா அதுக்காக ஒண்ணை வாங்கி மூணாவது மாடியில கட்டிப் போட்டிராதே, அது ஓடுத சாதி. எந்த நாயா இருந்தாலும் கொளத்தங்கரைக்கு அவுத்துவிட்டுக் கூட்டிட்டு வராதே. தரையில முட்டையிடுத பறவைக்கு அதுவும் எமன்தான்.

ஆச்சிக்குப் பொழுது போவணும்னு பச்சைக்கிளி வாங்கித் தாறேன்ன. நல்ல பேரன்! வனவுயிர்ச் சட்டம்னு 1972-ல ஒண்ணு போட்டிருக்கு. நம்ம ஊருக் கிளி, மைனா, தினைக்குருவி எதையும் கூண்டுல வைக்கக் கூடாது. சோசியக்காரன் கிளிக்கும் அதே சட்டந்தான். ஒங்க ஆச்சியை இந்த வயசுல கோர்ட்டுக்கு நடக்க வைக்கப் பாக்குத. கடையில கலர் கலரா விக்குத சின்னக் கிளி இருக்கே, அது ஆஸ்திரேலியாக்காரன், கூண்டுலயே பொறந்து வளந்தது. அதுக்குத் தடையில்ல. ஆனா மூணு மாசம் கழிச்சு அலுத்துப்போய், "சுதந்திரமாப் பற"ன்னு வீடியோ எடுத்துக்கிட்டே தெறந்து விடாதே. தானா இரை தேடத் தெரியாது, சாயங்காலத்துக்குள்ள காக்கா கொத்திரும். வளத்தா அது ஆயுசு முழுக்க வளக்கணும்.

ஆச்சிக்குக் கிளி வேணும்னா கொல்லையில கொய்யா மரம் இருக்கு. பழுத்ததும் அதுகளே வந்து அவகிட்ட ஏச்சு வாங்கிட்டுப் போவும். மண்சட்டியில தண்ணி வைக்கா, தெனமும் கழுவி மாத்துதா. தவிட்டுக்குருவி கூட்டம் வந்து குளிச்சுக் கும்மாளம் போடும். அவகிட்ட பட்டியலும் கெடையாது, கேமராவும் கெடையாது. எந்தக் காக்கா கூட்டுல குயில் முட்டையிட்டிருக்குன்னு மட்டும் ஒனக்கு முந்தி அவளுக்குத் தெரியும்.

வாற தைப்பொங்கலுக்கு லீவு போட்டுட்டு வா. 2015-ல இருந்து வருசாவருசம் பொங்கல் சமயத்துல தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கு. பெரிய வேலையில்ல. குறைஞ்சது 15 நிமிசம் ஒரு எடத்துல நின்னு, கண்ணுல பட்டதையெல்லாம் எண்ணி எழுதணும். காக்காயும் கணக்குதான், மைனாவும் கணக்குதான். காலையில 6 மணிக்குக் கொளத்தங்கரையில இருக்கணும், எந்திரிக்கலேன்னா ஒங்க ஆச்சி தண்ணியைத் தலையில ஊத்துவா, அதுக்கு நான் பொறுப்பில்ல. பைனாகுலர் ஒண்ணு கூடுதலாக் கொண்டா. அவளுக்கு வேணுமாம்.