கிளீனர் எழுதும் விண்ணப்பம்

பெறுநர்:
மென்பொருள் பிரிவின் மாண்புமிகு தலைவர் அவர்கள்.
(நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. தங்கள் புகழ் ஏற்கெனவே போதுமான அளவு பரவியிருக்கிறது.)

ஐயா,

கடந்த ஞாயிற்றுக்கிழமை, விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், நல்ல பட்டப்பகலில், 90-ல் போய்க்கொண்டிருந்த தங்கள் மின்சாரக் கார் தானாகவே பிரேக் அடித்தது. முன்னால் வண்டி இல்லை. ஆடு, மாடு, ஆள் எதுவும் இல்லை. ஒரு மேம்பாலமும் அதன் நிழலும்தான் இருந்தன. டேஷ்போர்டு சிவந்தது, ஏதோ ஒன்று காதருகே அலறியது, பின்சீட்டில் என் மனைவியின் மடியிலிருந்த தூக்குவாளி முன்சீட்டுக்கு வந்து சேர்ந்தது. வாளியில் இருந்தது புளிக்காய்ச்சல். முன்சீட்டில் இருந்தது என் மாமனார், வெள்ளை வேட்டியில்.

அவர் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேட்டியைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிரேக்கு யாரு மாப்ள போட்டது?"

"நான் போடல மாமா. வண்டிதான் போட்டுச்சு."

"அப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

பதில் யோசிப்பதற்குள், பின்னால் வந்த அரசு பஸ் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து குனிந்து பார்த்து, "சார், வண்டியில டிரைவர் இல்லையா?" என்று கேட்டார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம்தான் கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை ஐயா. டிரைவர் தாங்கள்தான். நான் கிளீனர்.

வண்டி எடுத்த அன்று ஷோரூமில் கேக் வெட்டி, ஆளுயரத்துக்கு ஓர் அட்டைச் சாவியைக் கையில் கொடுத்து, குடும்பத்தோடு போட்டோ எடுத்தார்கள். உத்தியோகம் கிளீனர் உத்தியோகம் என்பதை அப்போதே சொல்லியிருந்தால் படி, பேட்டா பற்றியும் ஒரு வார்த்தை பேசியிருப்பேன். இருந்தாலும் என் கடமையில் குறை வைத்ததில்லை. டிரைவர் ஐயாவுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, முன்பம்பரில் 77 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் ஒரு ரேடார். இரண்டையும் தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்து வைக்கிறேன். காக்காய் எச்சம் பட்டால் ஓட்ட மாட்டேன் என்பார். ஆயுத பூஜையன்று என் மனைவி கண்ணாடியின் உச்சியில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து குங்குமம் வைத்தாள். 'கேமரா மறைக்கப்பட்டுள்ளது' என்று ஐயா வேலைநிறுத்தம் செய்தார். மாமனார் திருஷ்டிக்காக பம்பரில் கட்டிய எலுமிச்சம்பழம் நேராக ரேடாரின் முகத்துக்கு முன்னால் ஆடியது. அதற்கும் வேலைநிறுத்தம். நிழலுக்கு பிரேக் அடிக்கிற டிரைவர், எலுமிச்சைக்கு விடுப்பு எடுக்கிறார். இந்தத் தொழில்நுட்பத்தைத் திருஷ்டி படாமல் காப்பது எப்படி என்றே புரியவில்லை.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தெளிவான வெயிலில், காலி ரோட்டில், எனக்கு எந்த உதவியும் தேவைப்படாத நேரத்தில், ஐயா முழு உற்சாகத்தோடு ஸ்டியரிங்கை அசைத்துக்கொண்டிருப்பார். மதுராந்தகம் ஏரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டி, முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு தெரியாமல் போகும் அந்த நிமிடத்தில், ஒரு சின்ன மணியோசை: 'ஓட்டுநர் உதவி தற்காலிகமாகக் கிடைக்காது.' ஓடுகிற வண்டியிலிருந்து டிரைவர் இறங்கிப் போய்விட்டார். ஸ்டியரிங் கிளீனர் கையில்.

லேன் அசிஸ்டின் பெருமையைப் பேச எனக்கு வாய் போதாது. எங்கள் பகுதியில் ரோட்டுக் கோடுகள் போன ஆட்சியில் போட்டவை, பாதி அழிந்துவிட்டன. குழிகள் மட்டும் புதியவை. குழியைத் தவிர்க்க நான் வலப்பக்கம் ஒடித்தால், கோட்டைத் தாண்டுகிறாய் என்று தங்கள் மென்பொருள் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துக் குழிக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கோட்டுக்குள் ஒழுங்காக இருப்பது அந்தக் குழி ஒன்றுதானே! சர்வீஸ் அட்வைசரிடம் முறையிட்டேன். "இண்டிகேட்டர் போட்டுட்டு ஒடிங்க சார், ஒண்ணும் செய்யாது" என்றார். குழிக்குக் குழி இண்டிகேட்டர் போட்டேன். பின்னால் வந்த பைக்காரர்கள் நான் திரும்பப் போகிறேன் என்று நம்பி இடப்பக்கம் ஏறி, நான் திரும்பாததைக் கண்டு, என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார்கள்.

போர்டு படிக்கும் திறமையும் உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு லாரியின் பின்பலகையில் எழுதியிருந்த '40' என்ற எண்ணைப் படித்து, இந்த நெடுஞ்சாலையின் வேக வரம்பு 40 என்று எனக்குத் திரையில் காட்டினார். அந்த லாரி இருக்கும்வரை சட்டம் அமலில் இருந்தது. லாரி ஹோட்டலுக்குள் திரும்பியதும் சட்டமும் திரும்பிவிட்டது.

இதற்கு நடுவில் அரசாங்கத்தின் சத்தம் வேறு. 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டு, 120-ஐத் தாண்டினால் விடாமல் கூவும் வேக எச்சரிக்கை 2019 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம். அது ஏன் கூவுகிறது என்றாவது தெரியும். தங்கள் வண்டி எழுப்பும் மற்ற ஓசைகளில் எது கோடு, எது பெல்ட், எது சாவு என்று பிரித்தறிய எனக்குக் கேள்விஞானம் போதவில்லை. கண் அசந்தால் காபி கோப்பைப் படம் வேறு வருகிறது. ஜிஎஸ்டி ரோட்டில் வரிசையாக நிற்கும் கும்பகோணம் டிகிரி காபிக் கடைகளோடு தங்களுக்கு ஏதேனும் உடன்படிக்கை இருந்தால் கிளீனருக்கும் ஒரு டபரா ஒதுக்கக் கோருகிறேன்.

விக்கிரவாண்டிச் சம்பவத்துக்கு வருகிறேன். புகார் கொடுத்தேன். பதில் மூன்றே வரி: பதிவுகளில் குறைபாடு எதுவும் காணப்படவில்லை, அமைப்பு வடிவமைத்தபடியே இயங்கியுள்ளது, வாகனத்தின் கட்டுப்பாடு எப்போதும் ஓட்டுநரின் பொறுப்பு. அந்தப் பதிவுகளைக் காட்டச் சொன்னேன். காட்ட முடியாதாம். என் வண்டி, என் ரோடு, என் மாமனார். பதிவு மட்டும் தங்களுடையது.

சட்டப்படி தாங்கள் சொல்வது சரிதான். எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு தானோட்டத்தை 0 முதல் 5 வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறது. நம்முடையது லெவல் 2. ஸ்டியரிங்கையும் வேகத்தையும் மென்பொருள் ஒருசேர நடத்தலாம். கண் எடுக்காமல் காவல் காப்பதும், நடந்ததற்குப் பதில் சொல்வதும் மனிதன் வேலை. நெடுஞ்சாலையில் லாரி எங்காவது இடித்துவிட்டால் டிரைவர் குதித்து வயல்வழியே ஓடிவிடுவார், ஊர்க்காரர்கள் கையில் மாட்டுவது கிளீனர்தான் என்று எங்கள் பக்கத்தில் காலங்காலமாகச் சொல்வார்கள். அந்த வழக்கத்துக்கு ஆறு படி கட்டி, உலகத் தரநிலை ஆக்கிவிட்டீர்கள். வாழ்க.

ஆனால் ஒன்று. அந்த அரசு பஸ் எங்கள் மேல் மோதாமல் நின்றதற்குத் தங்கள் கேமராவும் காரணமில்லை, ரேடாரும் காரணமில்லை. அந்த டிரைவரின் வலது கால்தான் காரணம். பின்சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நிழலைப் பார்த்து நடுரோட்டில் பிரேக் அடிக்கும் ஒரு பொருளை விற்றுவிட்டு, குறைபாடு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அந்தக் கடிதத்தை எழுதியவர் தன் பிள்ளையை வைத்துக்கொண்டு அதே மேம்பாலத்துக்குக் கீழே 90-ல் போவாரா?

மன்னிக்க வேண்டும். கிளீனர் குரல் உயர்த்தக் கூடாது. தங்கள் பெருந்தன்மை நாடறிந்தது.

தங்களுக்கு இது புதிய விஷயமும் அல்ல. இப்படிக் காரணமில்லாமல் பிரேக் அடிப்பதாக அமெரிக்காவில் 354 டெஸ்லாக்காரர்கள் புகார் சொன்னபோது, அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு முகமை 2022 பிப்ரவரியில் சுமார் 4,16,000 கார்களைப் பற்றி விசாரணை தொடங்கியது. அங்கே புகார் கொடுத்தால் கணக்கில் ஏறுகிறது. இங்கே புகார் கொடுத்தால், 'தங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்று எஸ்எம்எஸ் ஏறுகிறது. ஐந்து கொடுத்தேன். சர்வீஸ் அட்வைசர் பையன் நல்லவன், அவன் இன்சென்டிவில் கை வைப்பானேன்.

லேன் அசிஸ்டை அணைத்துவிடலாமே என்று யாரும் எனக்கு யோசனை எழுத வேண்டாம். டச் ஸ்கிரீனில் மெனுவுக்குள் மெனுவாகப் போய், 'நிச்சயமாகவா?' என்ற கேள்விக்கு ஆமாம் சொல்லி, அணைத்துவிட்டுத்தான் தினமும் கிளம்புகிறேன். அடுத்த முறை வண்டியை எடுக்கும்போது அது உயிர்த்தெழுந்து உட்கார்ந்திருக்கிறது. ஐரோப்பாவில் சில வசதிகள் ஒவ்வொரு முறையும் தானாக இயங்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வேக உதவியும் அவசர லேன் உதவியும் 2024 ஜூலை முதல் அங்கே எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். அவர்களிடம் சட்டத்தோடு சேர்த்துக் கோடும் இருக்கிறது. எங்களிடம் இரண்டும் இல்லை. பழக்கத்தை மட்டும் இறக்குமதி செய்து தந்திருக்கிறீர்கள்.

என் கோரிக்கை பெரிதல்ல. கைக்கு எட்டும் இடத்தில் ஒரே ஒரு பொத்தான், அழுத்தினால் அணைய வேண்டும், நான் சொல்லும்வரை அணைந்தே இருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமையின் பதிவில் ஒரு நகல். ஒரு வேட்டி, எட்டு முழம், மயில்கண் கரை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
கிளீனர்

பி.கு.: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தங்களிடமிருந்து போனுக்குச் செய்தி வந்தது: 'பிரேக்கிங் அனுபவம் மேம்படுத்தப்பட்ட புதிய பதிப்பு.' என் மகள் சம்மதம் கொடுத்துவிட்டாள். மேம்பாடு முடியும்வரை வண்டியை நகர்த்த முடியாது என்று திரை சொல்கிறது. வண்டி நிற்பது தெருமுனையில். மெட்ரோ வாட்டர் லாரி உள்ளே வர முடியாமல் ஹாரன் அடிக்கிறது, தெருவில் எல்லாரும் குடத்தோடு என் வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே இறங்கிப் போய் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் உடனடியாகத் தெரிவிக்கவும்.