சர்வமலை நிவாரணி

தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்காதவர் உண்டா? தட்டினால் என்ன தெரிகிறது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்போம். ஆனாலும் தட்டுவோம், காதருகே வைத்து ஆட்டுவோம். ஏமாறுகிற ஆள் இல்லை என்று கடைக்காரருக்குக் காட்டியாக வேண்டுமே.

வான்கூவரில் பனிச்சறுக்குப் பலகை விற்கும் கடைகளில் நவம்பர் பிறந்தால் இதே காட்சிதான். ஒருவர் வருவார். சுவரில் சாய்த்து வைத்த பலகை ஒன்றை எடுப்பார். வாலைக் கம்பளத்தில் ஊன்றி, மூக்கை இடது கையால் பற்றி, நடு வயிற்றில் வலது உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். பலகை வளைந்து நிமிரும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, நாடி பிடித்த வைத்தியர் போல, "ம்..." என்பார். கடைப் பையன் மெல்ல நகர்ந்து காலுறை அடுக்கப் போய்விடுவான். வந்திருப்பவர் வாங்க வந்தவர் இல்லை, பரிசோதகர் என்பது அவனுக்குத் தெரியும்.

ஒரு மனிதனின் முழு எடையும் ஏறி, மலைச்சரிவில் வேகமாக இறங்கும்போது பலகை வளைவது ஒரு விதம். கம்பளத்தின் மேல் உள்ளங்கைக்கு வளைவது வேறு விதம். இரண்டுக்கும் உள்ள உறவு, தேங்காய் போடும் சத்தத்துக்கும் சட்னியின் ருசிக்கும் உள்ள உறவுதான். பரிசோதகரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. அவர் அடுத்த பலகையை வளைத்துக்கொண்டிருப்பார்.

எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் இருக்கிறார். கணக்குத் தணிக்கையாளர். ஐம்பதை நெருங்குகிறார். இருபது வருடங்களாக ஒரே ஒரு பலகையைத் தேடிவருகிறார். அதற்கு 'ஆல் மவுன்டன்' என்று பெயர். எல்லா மலைக்கும், எல்லாப் பனிக்கும், எல்லா நாளுக்கும் ஒரே பலகை. இயந்திரம் சீவிவிட்டுப்போன, கார்டுராய் துணி மாதிரி வரிவரியான காலைப் பனியில் அது கத்தியாகக் கடிக்க வேண்டும். இரவெல்லாம் கொட்டிய பவுடர் பனியில் தெப்பமாக மிதக்க வேண்டும். மரங்களுக்கு நடுவே சட்டென்று திரும்ப வேண்டும். ஐஸில் வழுக்கக் கூடாது. மத்தியானக் கஞ்சிப் பனியில் சிக்கிக்கொள்ளவும் கூடாது. எங்கள் ஊர்ச் சந்தையில் மூட்டுவலி, பல்வலி, தேள்கடி மூன்றுக்கும் ஒரே சீசாவில் தைலம் விற்ற ஒருவரை எனக்குத் தெரியும். அவரும் இவரும் சந்தித்திருந்தால் நல்ல சிநேகிதர்களாகியிருப்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், ஒரு பனிக்கு வேண்டியது இன்னொரு பனிக்கு ஆகாது. 'கேம்பர்' என்று ஒரு வகை உண்டு. தரையில் வைத்தால் நடுப்பகுதி கவிழ்த்த வில் போலத் தூக்கி நிற்கும், அடியில் ஒரு கடிதத்தை நுழைத்து எடுக்கலாம். ஆள் ஏறி நின்றதும் வில் தட்டையாகி, அந்த விறைப்பு இரண்டு முனைக்கும் போய் விளிம்பு முழுக்கப் பனியைப் பிடிக்கும். பிடிப்பும் துள்ளலும் பிரமாதம். ஆனால் கொஞ்சம் அசந்தால் விளிம்பு பனியைக் கடித்து ஆளைக் குப்புறத் தள்ளும். இதற்கு நேர் எதிர் 'ராக்கர்'. முனைகள் மேல்நோக்கி வளைந்த படகு. பவுடரில் சுகமாக மிதக்கும், சொன்ன பக்கம் திரும்பும், ஐஸைக் கண்டால் கைவிரிக்கும். வாஷிங்டன் மாநிலத்து லிப் டெக் கம்பெனி தன் ராக்கர் பலகைக்கு 'ஸ்கேட் பனானா' என்றே பெயர் வைத்தது. வாழைப்பழ வடிவம் ஐஸில் நழுவாமலிருக்க, விளிம்பை நெளிநெளியாக வெட்டினார்கள். கருக்கரிவாள் பிடித்தவர்களுக்கு இந்தத் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. பிறகு இரண்டையும் கலந்து ஹைபிரிட் வந்தது. எவ்வளவு கேம்பர், எவ்வளவு ராக்கர், கலப்பு காலடியிலா முனையிலா என்று கேள்விகள் பெருகின. பரிசோதகர் என்கிற இனமும் கூடவே பெருகியது.

ஆதியில் இந்தத் தொல்லையே கிடையாது. 1965 கிறிஸ்துமஸ் அன்று, அமெரிக்காவில் மிச்சிகனைச் சேர்ந்த ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் பெண்குழந்தைகள் விளையாட இரண்டு ஸ்கீகளைச் சேர்த்துப் பிணைத்துக் கொடுத்தார். 'ஸ்னோ', 'சர்ஃபர்' இரண்டையும் ஒட்டி அதற்கு 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வைத்தது அவர் மனைவி. குழந்தைகள் அதில் ஏறி நின்று சரிவில் இறங்கினார்கள், விழுந்தார்கள், மறுபடி ஏறினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது பலகை இல்லாததால் அது நல்ல பலகையாகவே இருந்தது. 1977இல் ஜேக் பர்ட்டன் வெர்மான்டில் கம்பெனி தொடங்கினார். போட்டிக் கம்பெனிகளும் வந்தன. இரண்டாவது பலகை வந்த நாளில் முதல் பரிசோதகரும் பிறந்திருப்பார் என்பது என் யூகம்.

எங்கள் பரிசோதகரின் கராஜில் ஏழு பலகைகள் இருக்கின்றன. மனைவியிடம் சொல்லியிருக்கும் கணக்கு நான்கு. அந்த அம்மாவுக்கு எண்ணத் தெரியாதா? தெரிந்துதான் சும்மா இருக்கிறார். அமெரிக்காவில் ஆல்டா, டீர் வேலி, மேட் ரிவர் கிளென் ஆகிய மூன்று மலைகளில் இன்றும் ஸ்கீக்கு மட்டும்தான் அனுமதி, பலகைக்குக் கிடையாது. விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பேச்சு வந்தால் அந்த அம்மா இந்த மூன்று பெயரையும் அகர வரிசையில் சொல்கிறார்.

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, விஸ்லர் மலையடிவாரத்தில் கம்பெனிகள் கூடாரம் போட்டு, அடுத்த சீசன் பலகைகளை இலவசமாக ஓட்டிப் பார்க்கக் கொடுத்தன. "எனக்கும் ஒரு பலகை வாங்க வேண்டும்" என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். காலை ஐந்து மணிக்கு வாசலில் ஹாரன் அடித்தது.

வான்கூவரிலிருந்து விஸ்லர் 120 கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. பார்க்கக் கண் கோடி வேண்டும். எனக்குக் கிடைத்ததோ 'ஃபிளெக்ஸ்' பற்றிய பிரசங்கம். பலகையின் விறைப்புக்கு 1 முதல் 10 வரை எண் உண்டு. 1 என்றால் ஈரத் துணி, 10 என்றால் தண்டவாளம். இதற்குப் பொது அளவுகோல் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மார்க். ஒருவருடைய 5 இன்னொருவருக்கு 7. "இந்திய ஓட்டலில் 'மீடியம் காரம்' கேட்கிற மாதிரி. ஒரு கடையில் பச்சைத் தண்ணீர், அடுத்த கடையில் கண்ணீர்" என்றேன். "அதனால்தான் நாம் நேரில் பரிசோதிக்கிறோம்" என்றார். அந்த 'நாம்' எவ்வளவு பெரிய சொல் என்பது ஒன்பது மணிக்குத் தெரிந்தது. கையில் ஒரு நோட்டையும் பென்சிலையும் கொடுத்தார். "குளிரில் பேனா எழுதாது. செல்போன் செத்துவிடும். பென்சில் ஏமாற்றாது." நோட்டில் கட்டம் போட்டிருந்தது: பிடி, மிதப்பு, துள்ளல், நிதானம், மன்னிப்பு.

முதல் கூடாரம். கை கால் முறிந்தால் யாரையும் கேட்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டார். "எடை?" என்றான் பையன். ஓர் எண்ணைச் சொன்னார். அது எந்த வருடத்து எடை என்று பையன் கேட்கவில்லை. பலகையின் நீளத்தை முக்கியமாக எடையை வைத்துத்தான் கொடுப்பார்கள். ஆகவே அன்று அவர் ஓட்டியதெல்லாம் அவருடைய இளமைக்கு ஏற்ற பலகைகள். இவை தன்னைத் தாங்கவில்லை என்று நாள் முழுக்கக் குறை எழுதச் சொன்னார்.

"கால் வைக்கும் கணக்கு?" என்றான் பையன். "இடது கால் முன்னால், அகலம் 56 சென்டிமீட்டர், முன்பாதம் பிளஸ் 15, பின்பாதம் மைனஸ் 9, மையத்திலிருந்து 2 பின்னால்." ராசி, நட்சத்திரம், லக்னம், பாதம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். பையன் கருவியைத் தேடுவதற்குள் இவர் கோட்டுப் பையிலிருந்து ஸ்டார் ஸ்குரூ டிரைவர் வந்துவிட்டது. "3ஆம் நம்பர். 2ஆம் நம்பரைப் போட்டால் திருகின் தலை தேய்ந்துவிடும்." பூட்ஸைப் பலகையோடு பிணைக்கிற பைண்டிங்கையும் சொந்தமாக வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். அதே பூட்ஸ், அதே பைண்டிங், அதே சரிவு, பலகை மட்டும் மாறும். இதுதான் விஞ்ஞானம் என்றார். எட்டுத் திருகுகளைக் கழற்றி எட்டுத் திருகுகளை மாட்டுகிற விஞ்ஞானம். அவர் முதல் பலகையை மாட்டி முடிப்பதற்குள், எண் ஒட்டிய வாடகைப் பலகையோடு ஒரு சின்னப் பெண் இரண்டு தடவை மேலே போய் இறங்கி வந்துவிட்டாள்.

முதல் பலகையில் மலையாட்டுப் படம். மணி ஒன்பதரை. மேலேபோய் இறங்கி வந்தவரின் மீசையில் பனி, முகத்தில் ஞானம். "எழுதுங்கள். பிடி 9. துள்ளல் 9. ரொம்ப டாம்ப்." பனியில் போட்டால் ஈரமாகாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டே 'ஈரம்' என்று எழுதினேன். எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். 'டாம்ப்' என்றால் அதிர்வை உள்வாங்கிக்கொள்வதாம், முழங்காலுக்கு அனுப்பாதாம். "மன்னிப்பு?" என்று கேட்டேன். "நன்றாக மன்னிக்கிறது. இரண்டு தப்பு செய்தேன், இரண்டையும் மன்னித்தது." மூன்றாவதை நான் கீழே நின்றே பார்த்திருந்தேன். அதைப் பலகை மன்னிக்கவில்லை.

நாலாவது பலகையோடு என்னையும் மேலே அழைத்துப் போனார். விஸ்லர் மலையிலிருந்து பிளாக்கோம் மலைக்கு அந்தரத்தில் ஒரு கேபிள் கார் ஓடுகிறது. 2008இல் திறந்தது. 4.4 கிலோமீட்டரை 11 நிமிடத்தில் கடக்கிறது. நடுவில் கீழே பார்த்தால் பள்ளத்தாக்கு 436 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பெட்டிக்குள் இருந்தவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு பாட்டி சிலுவை போட்டுக்கொண்டார். நம்மவர் மட்டும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, பலகையின் அடிப்பக்கத்தைக் கட்டை விரல் நகத்தால் சுரண்டி, மெழுகு போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விஞ்ஞானத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. பூட்ஸ் மாறவில்லை, பைண்டிங் மாறவில்லை, சரிவு மாறவில்லை. மலை மாறிக்கொண்டே இருந்தது. ஒன்பதரைக்குச் சீவிய பனி. பதினொன்றுக்கு ஆயிரம் பேர் உழுதுவிட்ட வயல். ஒரு மணிக்கு வெயில். இரண்டு மணிக்கு அடிவாரத்தில் நல்ல நொய்க்கஞ்சி. அதற்குள் அவர் தொடைகளும் கஞ்சிப் பதத்துக்கு வந்திருந்தன. காலைப் பலகைகளுக்கு 8, 9 என்று விழுந்த மார்க் சாப்பாட்டுக்குப் பிறகு 5, 4 என்று இறங்கியது. இதை மெல்லச் சொன்னேன். "தணிக்கையில் எனக்கு இருபத்தைந்து வருட அனுபவம்" என்றார்.

கடைசியாக முதல் கூடாரத்துக்கே திரும்பினோம். அங்கே ஆக்டோபஸ் படம் போட்ட ஒரு பலகை அவர் கண்ணில் பட்டது. எட்டுத் திருகு, எட்டுத் திருகு. மேலே போனார். வெகு நேரம் கழித்து வந்தார். பலகை காலில் இல்லை, கக்கத்தில் இருந்தது.

"எழுதுங்கள். பிடி 4. துள்ளல் 3. நரம்பே இல்லாத பலகை. வால் சொன்னதைக் கேட்கவில்லை. மன்னிப்பு கிடையவே கிடையாது."

கூடாரப் பையன் சாண்ட்விச்சை மென்றுகொண்டே நோட்டை எட்டிப் பார்த்தான். "காலையில் மலையாட்டுக்கு 9 கொடுத்தீர்களே?"

"அது பலகை!"

"இதுவும் அதுதான். இது இந்த வருடத்தது, அது அடுத்த வருடத்துக்கு வரப்போவது. ஒரே அச்சு, ஒரே மரம், ஒரே நீளம். படத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்."

நான் பென்சிலைப் பார்த்தேன். பையன் சாண்ட்விச்சைப் பார்த்தான். வாடகைப் பலகைப் பெண் எங்களைக் கடந்து பதினைந்தாவது தடவையோ இருபதாவது தடவையோ லிஃப்டுக்கு ஓடினாள். பரிசோதகர் இரண்டு பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஆக்டோபஸை உள்ளங்கையால் ஓர் அழுத்து, மலையாட்டை ஓர் அழுத்து. கண்ணை மூடினார்.

"அதானே பார்த்தேன்" என்றார். "ஆக்டோபஸில் பெயின்ட் அடர்த்தி ஜாஸ்தி. எனக்குக் காலிலேயே தெரிந்தது."

திரும்பும் வழியில் இருட்டிவிட்டது. பதினொரு பலகைகளின் மதிப்பெண்ணும் என் மடியில் இருந்தது. நாள் முழுக்கக் குமாஸ்தா வேலை பார்த்ததற்குக் கூலியாக ஒரு கேள்வியாவது கேட்கலாம் என்று தோன்றியது.

"கடைசியில் நான் எதை வாங்கட்டும்?"

"அது நீங்கள் எப்படிச் சறுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது."

"உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் உட்கார்ந்தபடிதான் சறுக்குகிறேன்."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. வண்டியின் வேகத்தைக் குறைத்தார். நெற்றியைச் சுருக்கினார். இரண்டு வளைவு தாண்டும் வரை யோசித்தார்.

"உட்காருவது எப்போது? திரும்ப ஆரம்பிக்கும்போதா, திரும்பி முடிக்கும்போதா?" என்றவர், நோட்டைக் கண்ணால் காட்டினார். "கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போடுங்கள்."