கம்பி எண்ணுபவர்

"ப்ரோ, நீங்க என்ன கேஜ்?" மெட்டல் கிட்டார்க்காரரின் முதல் கேள்வி இதுதான். பெயர், ஊர் எல்லாம் அப்புறம். 10–46 என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. கல்யாணப் பந்தியில் கஞ்சி கேட்டவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அவருடைய கிட்டாரில் இருப்பது 12–62. கேஜ் என்பது கம்பியின் தடிமன்; அங்குலத்தை ஆயிரமாகப் பங்கு போட்டால் மெல்லிய கம்பி 12 பங்கு, தடித்த கம்பி 62 பங்கு. கூடுவாஞ்சேரியிலிருந்து கேளம்பாக்கம் வரை பொறியியல் கல்லூரி உள்ள இடமெல்லாம் இவர் இருக்கிறார். சித்திரை வெயிலிலும் கறுப்புச் சட்டைதான். அது அவர் பாடு. நமக்குக் கம்பிதான் பேச்சு. உறையைப் பிரித்து ஆறாம் கம்பியை எடுத்து, அதன் சுற்றின்மேல் கட்டைவிரல் நகத்தை 'கிர்ர்' என்று இழுத்துக் காட்டுவார். புடவைக் கடையில் ஜரிகையைத் தேய்த்துப் பார்க்கிற அதே முகம். மெட்டல் இசைக்குக் கனம் வேண்டும், அந்தக் கனம் கம்பியில்தான் இருக்கிறது என்பது அவர் சித்தாந்தம்.

இதில் பாதி நியாயம் இருப்பதுதான் சங்கடம். முழுப் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். கம்பியின் நீளம், இழுவிசை, எடை மூன்றும் சேர்ந்தே சுருதியை நிர்ணயிக்கின்றன என்று மெர்சென் என்கிற பிரெஞ்சுப் பாதிரியார் 1636-லேயே எழுதிவிட்டார். சாதாரண டியூனிங்கில் ஆறாம் கம்பி நம் கணக்கில் 3 கட்டை. அதை 1 கட்டைக்கு, கிட்டார்க்காரர் மொழியில் டிராப் சி-க்கு இறக்கினால், அதிர்வு வினாடிக்கு 82-லிருந்து 65 ஆகிறது. இருபத்தைந்தரை அங்குல நீளத்தில் ஏறக்குறைய 8 கிலோ இழுவிசையில் நின்ற 46 கம்பி, 5 கிலோவுக்கு வந்து, ஈரப் போர்வை போட்ட கொடிபோலத் தொய்ந்துவிடும். பழைய விறைப்பு வேண்டுமானால் 58 போட வேண்டும். தம்புராக்காரர்கள் இதைத் தத்துவமாக்கியதில்லை. ஆண் சுருதிக்குத் தடித்த தந்தி, பெண் சுருதிக்கு மெல்லியது, அவ்வளவுதான். கணக்கு 58-இல் நின்றுவிடுகிறது, இவர் நிற்பதில்லை. 62 போட்டுவிட்டு, வாசிப்பதோ பெரும்பாலும் டிராப் சி அளவுக்கு இறங்காத டிராப் டி. அந்தச் சுருதியில் 62-இன் இழுவிசை 11 கிலோவைத் தாண்டும். கீழே இறங்கப் போனவர், புறப்பட்ட இடத்தைவிட இறுக்கமான கம்பியோடு மல்லுக்கட்டுகிறார்.

கனமான இசைக்குக் கனமான கம்பி என்றால், அந்த இசையைத் தொடங்கிவைத்தவரிடமே அது இல்லை. பிளாக் சாபத் குழுவின் டோனி அயோமி 1965-இல், 17 வயதில், பர்மிங்காமில் ஒரு தகடுத் தொழிற்சாலையில் வலக்கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தார். இடக்கைக்காரர், கம்பியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். மெல்லிய கம்பி வேண்டுமென்று பான்ஜோ கம்பியைக் கட்டினார். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தொகுப்பின் பல பாடல்களில் சுருதியையும் ஒன்றரைக் கட்டை இறக்கினார். அவர் அடிபட்டவர், விதிவிலக்கு என்பார் நம்மவர். அடிபட்டது அவர் விரல்; கேட்கிறது நம் காது. அந்தக் காதுக்கு அது மெல்லிய கம்பி என்று ஐம்பது வருஷமாகத் தெரியவே இல்லையே.

ஓங்கி அடித்தால் மெல்லிய கம்பியின் சுருதி ஒரு கணம் மேலே ஏறுகிறதே என்பார். ஏறும், தொய்ந்திருந்தால் இன்னும் ஏறும். அதற்கு மருந்து அந்த 58, இல்லையென்றால் கையைக் கொஞ்சம் அடக்குவது. இரண்டாவது மருந்து அவருக்குக் கசக்கும். தடித்த கம்பி பிக்கப்புக்கு அதிக ஒலி தருமே என்பார். கொஞ்சம் தரும், ஆம்ப்ளிஃபையரில் ஒரு குமிழைத் திருகினாலும் வரும். ஆனால் தடிக்கத் தடிக்கக் கம்பிக்கு இரும்புத் தடியின் குணம் வந்து மேல் ஒலிகள் பிசகுகின்றன. டிஸ்டார்ஷனில் அந்தப் பிசகு கூட்டுக் குழம்பாகிவிடும். அடிவயிற்றில் இடிக்கிற ஓசையில் பெரும்பங்கு பேஸ் கிட்டாருடையது. பேஸ் வாசிக்கிறவர் அதிகம் பேசமாட்டார் என்பதால் பெயர் இவருக்குப் போகிறது. கடைசி அஸ்திரம்: மாமல்லபுரத்துச் சிற்பி ஒரே உளியா வைத்திருக்கிறார்? இல்லைதான். ஆனால் கண் திறக்கும்போது பலத்தைக் காட்டப் பெரிய உளியை அவர் எடுப்பதில்லை. மழுங்கினதைத் தீட்டாமல் வேலைக்கு உட்காருவதும் இல்லை.

இவர் தீட்டுவதில்லை. கடற்கரைக் கோயிலின் கருங்கல்லையே உப்புக்காற்று அரித்து, சவுக்கு நட்டுத் தடுக்க வேண்டியிருந்த கரை இது. உருக்குக் கம்பி எம்மாத்திரம்? சுற்றில்லாத கம்பிகள் முதலில் பழுப்பேறும். சுற்றுக் கம்பிகளின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் புகுந்து ஓசை செத்துப்போகும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒரு துடைப்பு போதும். இவரோ ஓசை செத்ததற்குக் காரணம் 62 பற்றாமைதான் என்று 64 தேடுவார். தடித்த கம்பி உட்கார, கழுத்துத் தலைமாட்டில் உள்ள நட்டின் பள்ளத்தை வீட்டு அரத்தால் ராவியிருப்பார்; இனி நட்டை மாற்றாமல் மெல்லிய கம்பிக்குத் திரும்ப வழியில்லை. ஒத்திகை அறைக்கு மணிக்கணக்கில் வாடகை. முதல் அரைமணி கம்பி மாற்றுவதிலும், புதுக்கம்பி சுருதியில் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருப்பதிலும் போகும். டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுப்பார். வாடகையைப் பங்கு பிரிக்கும்போது இவர் கம்பி நீட்டியிருப்பார். ஒரு பாட்டை முழுசாகக் கற்றுக்கொள்ளும் நேரத்தைச் கம்பிப் பேச்சிலேயே கழிப்பது குழுவில் மற்ற மூன்று பேருக்குச் செய்கிற அநியாயம். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

ஆனால் மேடையில் யாருக்காவது கம்பி அறுந்தால் கூட்டத்தில் முதலில் எழுந்து ஓடுகிறவரும் இவர்தான். பையின் பக்கவாட்டு ஜிப்பில் எல்லா அளவும் இருக்கும், 10–46 உட்பட. மூன்று சுற்றுச் சுற்றி, இழுத்து இழுத்துத் தளர்வெடுத்து, பூனை மீசைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைக் கத்தரித்து, சுருதி சேர்த்துக் கையில் கொடுப்பார். காசு வாங்கமாட்டார்.

"வச்சுக்கோங்க ப்ரோ. எனக்கு இது பட்டன் தைக்கத்தான் ஆகும்."