பேராண்டி ஒட்டகம் ஏறப் போறான்

வாடா பேராண்டி, உக்காரு. உங்கம்மா எல்லாத்தையும் சொன்னா. ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு ராஜஸ்தான் போறியாமே. மொதல்ல ஆரவல்லி மலையில நடை, அப்பால ஜெய்சல்மேர்ல ஒட்டகத்து மேல ஏறி மணல்ல சவாரி, ராத்திரி டெண்ட்டுல தூக்கம், வழி காட்ட ஒரு கைடு. இதுக்கு நீ கட்டின தொகையைச் சொல்லும்போது மட்டும் உங்கம்மா சாவு சேதி சொல்ற மாதிரி குரலைத் தாழ்த்திக்கினா.

தாத்தன் தடுக்க மாட்டேன், போயிட்டு வா. உன் கொள்ளுத்தாத்தன் வட ஆற்காட்டுலேருந்து மூட்டையைத் தலையில வெச்சிக்கினு இந்தக் கோலார் தங்கவயலுக்கு நடந்து வந்தான். அவனை எவனும் டிரெக்கர்னு சொல்லல, கூலின்னுதான் சொன்னான். வெயில்ல நடந்து முட்டி தேயறதுக்குக் கூலி வாங்கின பரம்பரையில, அதுக்குக் காசு கட்டப் போற மொத ஆளு நீதான். குடும்பத்துக்கே பெருமை.

போறவனுக்கு ரெண்டு யோசனை சொல்லி அனுப்பணும் இல்ல? கேட்டுக்கோ.

ஒட்டகம் எழுந்திரிக்கும்போது பின்னங்காலைத்தான் மொதல்ல நிமிர்த்தும். நீ அப்படியே முன்னாடி கவுந்து அதும் கழுத்தைக் கட்டிப்பே. அதனால பின்பக்கமா சாஞ்சிக்கோ. உக்காரும்போது முன்னங்காலை மடக்கும். அப்பவும் உன்னை முன்னாடிதான் தள்ளும், அப்பவும் பின்னாடியே சாயி. ஏறினாலும் இறங்கினாலும் பின்வாங்கத் தெரிஞ்சவன்தான் ஒட்டகத்து மேல பொழைப்பான். ஆபீஸ்ல மீட்டிங்குக்குப் போற உனக்கு இதை நான் சொல்லித் தரணுமா?

நடக்கறப்போ ஒரு பக்கத்துக் காலு ரெண்டையும் சேத்து எடுத்து வைக்கும். அதான் சவாரி இடதும் வலதுமா ஆடறது. அதுக்குப் பயப்படாத. மாரிகுப்பத்துல ரயிலேறி, பங்காருபேட்டை தாண்டினதும் ஒத்தக் கால்ல நின்னுக்கினே பெங்களூரு போய் வர்றவன் நீ. ஒட்டகம்தான் உன்னைப் பாத்துப் பயப்படணும்.

திமில்ல தண்ணி இருக்குதுன்னு எவனாவது சொன்னா நம்பாத. அது கொழுப்பு. ஒட்டகத்துக்குக் கொழுப்பு முதுகுல இருக்குது, பார்த்தாலே தெரியும். மனுசனுக்குத்தான் எங்க இருக்குதுன்னு பேசினாத்தான் தெரியும். தாகம் எடுத்துதுன்னா கால் மணி நேரத்துல நூறு லிட்டர் குடிச்சிடுமாம். பாலாத்தைத் தேக்கி பேத்தமங்கலத்துலேருந்து குழாய் போட்டுத் தண்ணி கொண்டாந்த ஊர்க்காரங்க நாம. கிடைக்கிறப்போ புடிச்சி வெச்சிக்கிற புத்தி ஒட்டகத்துக்கு மட்டும்தானா இருக்குது?

இந்தக் கிழவனுக்கு ஒட்டகம் எப்படித் தெரியும்னு பாக்கறியா? தங்கவயல்ல படிக்காத கிழவன் ரொம்பக் கம்மிடா. ஷிப்ட் முடிஞ்சி வந்து திண்ணையில ஒருத்தன் பேப்பரைச் சத்தமா வாசிப்பான், பத்துப் பேரு கேப்பாங்க. அயோத்திதாசப் பண்டிதர் எழுத்தையெல்லாம் புஸ்தகமாப் போட்ட சித்தார்த்தா புத்தகசாலை இருந்ததே இந்தத் தங்கவயல்லதான். உங்க போன்ல வர்றது எல்லாம் எங்க திண்ணையில முன்னாடியே வந்துடுச்சி, கொஞ்சம் லேட்டா.

சரி, மலைக்கு வருவோம். ஆரவல்லியில ஒசந்த உச்சி அபு மலைமேல இருக்கற குரு சிகரம், 1,722 மீட்டர். ஏறினா 'சம்மிட்' பண்ணிட்டேன்னு போட்டோ போடுவே. பண்ணு. உன் தாத்தனும் மலைக்காரன்தான், ஆனா ஏறினது கிடையாது, இறங்கினதுதான். நம்ம சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம். ஊட்டி தொட்டபெட்டா உசரமே 2,637. அதை அப்படியே தலைகீழாக் கவுத்து உள்ள சொருகினாலும் முனை அடியைத் தொடாது. இந்த ஊரு கடல் மட்டத்துலேருந்து 900 மீட்டர் கிட்ட மேட்டுல இருக்குது. அதைக் கழிச்சிப் பாரு, சுரங்கத்தோட அடிமட்டம் கடலுக்கும் ரெண்டு கிலோமீட்டருக்கு மேல கீழ. மலை ஏறினவனுக்கு மெடல் குடுக்கறாங்க. இறங்கினவனை மேல வந்ததும் தங்கம் ஒளிச்சி வெச்சிருக்கானான்னு தடவிப் பாத்தாங்க.

ஜெய்சல்மேர்ல 45 டிகிரி அடிக்குதுன்னு டிவியில கத்தறாங்க. அடி ஆழத்துல பாறையோட சூடு 60 டிகிரியைத் தாண்டும்டா. மேலேருந்து குளிர்ந்த காத்தை அடிச்சி அனுப்பினாத்தான் அங்க மனுசன் நிக்க முடியும். நடுவுல பாறை தானாவே வெடிக்கும். எப்ப வெடிக்கும்னு அதுக்குத்தான் தெரியும். அங்க சன்செட் பாயிண்ட் இல்ல. கூண்டு கீழ போகும்போதே சூரியன் அஸ்தமிச்சிடும், மேல வந்தா உதிக்கும். ஒரு ஷிப்ட்டுக்கு ஒரு நாள் கணக்கு.

இப்போ பாலைவனம். இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும்.

கீழேருந்து பாறையை மேல கொண்டாந்து, மில்லுல போட்டு மாவா அரைச்சி, சயனைடு கரைசல்ல ஊற வெச்சித் தங்கத்தைப் பிரிச்சி எடுத்தாங்க. மிச்ச மண்ணைக் கொட்டினாங்க. 1880ல ஜான் டெய்லர் கம்பெனி வந்ததுலேருந்து 2001 வரைக்கும் 120 வருசம் தோண்டினது, அரைச்சது, கொட்டினது. வந்த தங்கம் 800 டன். மிஞ்சின மண்ணு 3 கோடி டன்னுக்கும் மேல, 13 குன்று. 800 டன்னும் எங்கெங்கயோ போயிடுச்சி. மண்ணுல மட்டும் ஒரு பிடி குறையாம நமக்கே விட்டுட்டுப் போனாங்க. அவ்வளவு நேர்மையான கணக்கை நீ எந்தக் கம்பெனியிலயும் பாக்க முடியாது.

அதான் நம்ம சயனைடு மலை. மலை வேணுமா, மலை. பாலைவனம் வேணுமா, மேல ஏறினா அதுவும் அங்கேயே. செடி ஒண்ணு ரெண்டு முளைச்சிருந்தா அது பொழைக்கத் தெரிஞ்ச செடி. காத்தடிக்கிற மாசத்துல மாரிகுப்பம் பக்கத்து லைன் வீட்டுங்கள்ல சோத்துத் தட்டை மூடிக்கினு சாப்பிடுவாங்க. தார்ப் பாலைவனத்தை ஆண்டவன் பண்ணினான்னு சொல்றாங்க, எனக்குத் தெரியாது. இதை நாங்க பண்ணினோம், அதுக்கு மஸ்டர் ரோலே இருந்தது.

இது பாலைவனம்தான்னு கண்டுபிடிச்சதும் நாங்க இல்ல, சினிமாக்காரன். 2018ல வந்திச்சே 'கே.ஜி.எஃப்', யஷ் நடிச்சது, அதுக்கு இந்த மேட்டுலதான் செட்டு போட்டான். அப்பாலருந்து பெங்களூருப் பசங்க பைக்குல வந்து மேல ஏறிக் கையை விரிச்சிக்கினு போட்டோ புடிக்குதுங்க. ஒரு புள்ளையாண்டான் என்கிட்டயே கேட்டான்: "தாத்தா, இது கோஸ்ட் டவுன்னாமே, முன்னாடி இங்க ஜனங்க இருந்தாங்களா?" "இருந்தாங்க தம்பி, நாங்கூட செத்து இருபது வருசமாச்சி"ன்னேன். பையன் ரெண்டு அடி பின்னாடி போனான். பின்வாங்கத் தெரிஞ்சவன், ஒட்டகத்துக்குத் தேறுவான்.

சிரிக்காத, உனக்கும் அதே வித்தையைத்தான் காட்டப் போறாங்க. ஜெய்சல்மேர் பக்கத்துல குல்தராங்கற ஊருக்குக் கூட்டிக்கினு போவான். பாலிவால் பிராமணருங்க இருந்த ஊரு, இப்போ வெறும் சுவரு. திவான் சாலிம் சிங் கொடுமை தாங்காம ஒரே ராத்திரியில மொத்த சனமும் கிளம்பிடுச்சின்னு கைடு கண்ணை உருட்டிக்கினு கதை சொல்லுவான். நீ வாயைப் பொளந்துக்கினு கேப்பே. கேளு. இங்க 2001 பிப்ரவரி 28ந்தேதி சுரங்கத்தை மூடினாங்க. எவனும் ராத்திரியோட ராத்திரியாக் கிளம்பல. மறுநாள்லேருந்து பெங்களூரு வேலைக்கு விடியக்காலம் கிளம்பறான், ராத்திரி திரும்பி வர்றான், அவ்வளவுதான் வித்தியாசம். 2011 கணக்குல ஒண்ணரை லட்சத்துக்கு மேல சனம் இருந்த ஊரை எப்படிடா பேய் ஊருன்னு எழுதறானுங்க? எந்தப் பேயி சீசன் டிக்கெட் எடுக்குது?

இன்னொரு யோசனை. ஒட்டகக்காரன்கிட்ட பேச்சுக் குடு. ரைக்கான்னு ஒரு சாதி சனம், பரம்பரையா ஒட்டகம் வளக்கறவங்க. 2012ல நாட்டுல 4 லட்சம் ஒட்டகம் இருந்தது. 2019 கணக்குல இரண்டரை லட்சம்தான் தேறிச்சி. டிராக்டர் வந்து வண்டி இழுக்கற வேலையைப் புடுங்கிச்சி. மேயற நிலம் சுருங்கிப் போச்சி. ராஜஸ்தான் அரசாங்கம் இன்னா பண்ணிச்சி? 2014ல ஒட்டகத்துக்கு மாநில விலங்குன்னு பட்டம் குடுத்தது. 2015ல வெட்டக் கூடாது, அனுமதியில்லாம வெளி மாநிலத்துக்கு ஓட்டிக்கினு போவக் கூடாதுன்னு சட்டம். வாங்கறவன் ஒதுங்கிட்டான், சந்தையில விலை படுத்துடுச்சி. வளக்கறவன் கையில பட்டம் மட்டும் நின்னுச்சி. நமக்குக் குடுக்கலையா? 'குட்டி இங்கிலாந்து'ன்னு. 1902லயே சிவசமுத்திரத்துலேருந்து கம்பி இழுத்துக் கரண்ட்டு கொண்டாந்த ஊருன்னு இன்னிக்கும் பெருமை பேசறோம். கரண்ட்டு எதுக்கு வந்தது, பங்களாவுல முட்டை பொரிக்கவா? சுரங்கத்துக்குத்தான். லைன் வீட்டுல எங்க ஆயா மண்ணெண்ணெய் விளக்குல அரிசி பொறுக்கினா. எவனாவது உனக்குப் பட்டம் குடுக்க வந்தான்னா, அடுத்து எதைப் புடுங்கப் போறான்னு பாரு.

அப்பால, உன் கைடு பேரைக் கேட்டு எழுதி வெச்சிக்கோ. இதுல நான் கிண்டல் பண்ணல. 1802ல வாரன்னு ஒரு வெள்ளைக்காரன் இங்க வந்து, தங்கம் காட்டறவனுக்கு இனாம்னு சொன்னான். ஊர் சனம் வண்டியில மண்ணைக் கொண்டாந்து அவன் கண்ணு முன்னாடி அரிச்சித் தங்கத் துகளைக் காட்டிச்சி. வாரன் பேரு புஸ்தகத்துல இருக்குது, அரிச்சிக் காட்டினவன் பேரு எந்தப் புஸ்தகத்துல இருக்குது? வாரன் எழுதினதைப் படிச்சிட்டு 1871ல லாவெல்னு ஒருத்தன், நியூசிலாந்துல மாவோரிங்களோட சண்டை போட்டு ரிட்டையர் ஆன சிப்பாய், பெங்களூருலேருந்து மாட்டு வண்டியில அறுபது மைல் வந்தான். நீ பண்ணப் போற டிரெக்கு இதுதான், ஒட்டகத்துக்குப் பதிலா மாடு. அவன் பேர்ல பெங்களூருல ரோடே இருக்குது. அந்த லாவெல் ரோட்டுலதான் நீ முன்னூறு ரூவா குடுத்துக் காப்பி குடிக்கிறே. மாட்டை ஓட்டினவன் பேர்ல ஒரு சந்துகூடக் கிடையாது. மாட்டுக்கும் கிடையாது.

கையில கலர் பட்டை ஒண்ணு கட்டிவிடுவானுங்க, கூட்டத்துல தொலைஞ்சிடக் கூடாதுன்னு. கட்டிக்கோ. நம்ம ஆளுங்க கையில அந்தக் காலத்துல நம்பர் போட்ட காப்பு இருந்தது. கைரேகையும் வைக்கணும்னு 1930ல சொன்னதுக்கு மொத்த மைன்ஸும் வேலை நிறுத்தம் பண்ணிச்சி. நீ தினம் காலையில ஆபீஸ் கதவுல விரலை வெச்சிட்டுத்தான் உள்ள போறே. உன் முப்பாட்டனுங்களுக்குத் தெரிய வேணாம், நானும் சொல்லல.

இவ்ளோ சொல்லியும் போறேங்கறியா? போ. நாள் நெருக்கம்னா இங்கயே கோலார் அந்தரகங்கை இருக்குது. பெங்களூருக்காரன் கைடு வெச்சிப் பாறை இடுக்குல ஊர்ந்துக்கினு போறான், அப்பால பசவண்ணன் வாயிலேருந்து வர்ற ஊத்துத் தண்ணியைப் புடிச்சிக் குடிக்கறான். அங்க பைக்கு காவல் குரங்குதான். பைக்குன்னா வண்டி இல்லடா, கைப்பை. அதுவே எடுத்து வெச்சிக்கும்.

இல்ல, மலையும் வேணும் பாலைவனமும் வேணும்னா, தாத்தன்கிட்ட ஒரு பேக்கேஜ் இருக்குது. சீக்கிரம் சொல்லணும். அந்தப் பதிமூணு குன்றையும் ஏலம் விட்டு, மிச்சம் மீதி தங்கத்தை அரிச்செடுக்கலாம்னு தில்லி சொல்லிச்சி. 2024 ஜூன்ல கர்நாடக மந்திரிசபையும் சரின்னு தலையாட்டிடுச்சி, ஆயிரம் ஏக்கர் சொச்சம். டன்னு மண்ணுக்கு ஒரு கிராம்கூடத் தேறாதாம், இருந்தாலும் விட மனசு வரல. நாங்க கொட்டின மலையைக் கரைக்க நாளைக்கு மெசினு வரும். அப்பால ஏறணும்னா மலை இருக்காது, பள்ளத்துல இறங்கணும்னா சுரங்கத்துல தண்ணி.

ஞாயித்துக்கிழமை விடியக்காலம், வெயிலுக்கு முன்னாடி. மூஞ்சிக்கு நல்ல துணி கட்டிக்கோ, தூசி ஆகாது. தண்ணியை நீ தூக்கணும், தடியை நான் வெச்சிப்பேன். ஒட்டகம் கிடையாது; எனக்கு முட்டி வலிச்சா நீதான் ஒட்டகம், எழுந்திரிக்கும்போது பாத்து எழுந்திரு. டெண்ட்டு இல்ல, கேம்ப் ஃபயர் இல்ல, பீடி பத்த வெச்சிக் காட்டறேன். ரேட்டு ஒரு கவுளி வெத்தலை, கொட்டப்பாக்கு, இறங்கினதும் ஆண்டர்சன்பேட்டையில ஒரு மட்டன் பிரியாணி. அட்வான்ஸ் முழுசா இப்பவே வெக்கணும், கேன்சல் பண்ணினா திரும்பத் தர மாட்டேன். உன் ராஜஸ்தான் கம்பெனிக்காரனும் அப்படித்தான் எழுதியிருப்பான், பொடி எழுத்துல. படிச்சியா அதை?