குக்கரும் கானகமும்: தவளக்குப்பத்துக் குடும்பம் முதன்முதலாகக் காட்டில் தங்கத் திட்டமிடுவது குறித்த ஒரு பூர்வாங்க ஆய்வு

புதுச்சேரியின் தவளக்குப்பத்தில் காடு கிடையாது. கிழக்கே நல்லவாட்டுக் கடல், வடக்கே சுண்ணாம்பாறு, தென்மேற்கே பாகூர் வயல்கள், நடுவே ஓயாமல் ஹாரன் அடிக்கும் கடலூர் சாலை. காட்டில் தங்குவதை விருப்பு வெறுப்பின்றி ஆராய இதைவிடத் தகுந்த ஊர் வேறில்லை என்பது இவ்வாய்வாளரின் முதல் துணிபு. காட்டோரம் வாழ்பவர்களுக்கு யானையைப் பற்றிய கவலை இருக்கும். கவலை புகுந்தால் ஆய்வு கெடும்.

ஆய்வுப் பொருள், அமெரிக்கத் தேசிய வனங்களில் வழங்கும் ஒரு முறை. விடுதி, குழாய், கழிப்பறை, காவலாளி எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து அவரவரே கூடாரம் அடித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் கட்டணம் இல்லை. பல இடங்களில் 14 நாள் வரை இருக்கலாம். இந்தச் செய்தி கைப்பேசி வழியாக ஒரு குடும்பத் தலைவரை எட்டுகிறது. கோடை விடுமுறையும் நெருங்குகிறது. “இந்த வருஷம் ஊட்டி வேணாம்” என்று அவர் கூடத்தில் அறிவிக்கும் கணத்திலிருந்து நம் தரவுகள் தொடங்குகின்றன.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். அதைக் கடைசியில் பார்ப்பதே குடும்ப மரபு என்றாலும். 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி தமிழ்நாட்டுக் காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். சரணாலயங்களுக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு இந்த விதிகளைச் சம்பிரதாயம் என்று நினைப்பவரோடு இவ்வாய்வாளருக்குப் பேச்சில்லை. 2024இல் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவோடு திறந்தது. வழிகாட்டியோடு போகலாம், திரும்பலாம். பிடித்த மரத்தடியில் கூடாரம் அடித்துப் படுக்கும் உரிமை அதில் இல்லை.

இதைக் கேட்டுத் தலைவர் தளர்வதில்லை. பொருட்பட்டியல் தொடங்கிவிட்டதே காரணம்.

பட்டியலின் வளர்ச்சியே இத்துறையின் இதயம். தொடக்க நிலையில் அதில் இருப்பவை கூடாரம், டார்ச், தண்ணீர். தலைவர் அதை வாசித்துவிட்டு, பெருமையோடு டீ குடிக்கிறார். அம்மா பார்த்ததும் பாய், தலையணை, கொசுவர்த்தி சேர்கின்றன. அத்தை வந்ததும் புளிச்சோறு, ஊறுகாய், “ராத்திரிக்குப் பசங்களுக்குச் சூடா ஏதாவது வேணும்ல” என்ற ஒரே காரணத்தால் குக்கர். குக்கர் வந்தபின் அடுப்பு வரும், அடுப்பு வந்தபின் சிலிண்டர் வரும், சிலிண்டர் வந்தபின் கார் போதாது, டிராவலர் வேன் வரும். வேனில் இடம் காலியாக இருப்பதால் பெரியப்பா வீட்டாரும் வருவார்கள். இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது என்று கிரேக்கர் ஊகித்தார்கள். டிராவலர் வேனை வைத்து நாம் நிறுவியிருக்கிறோம். மச்சான் முன்மொழியும் ஒரேயொரு பொருள் மட்டும் முள்ளோடைச் சோதனைச்சாவடியைக் கருதி ஒத்திவைக்கப்படும். புதுச்சேரியில் சட்டம் அனுமதிப்பதை எல்லாம் எல்லை தாண்டிச் சுமக்க முடியாது.

இதைத் தற்காலச் சீரழிவு என்று கருதுவோர் அரிக்கமேட்டுக்குப் போய் வரவும். பக்கத்தில்தான், அரியாங்குப்பத்தை ஒட்டி. 1945இல் மார்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து ஜாடிகளில் வந்த மது, ஆலிவ் எண்ணெய், மீன்சாறு ஆகியவற்றின் தடயங்கள் அந்த மேட்டில் கிடைத்திருக்கின்றன. மீன் குவிந்து கிடக்கும் கரைக்கு வருகிறவர்கள் ஊரிலிருந்து மீன்சாறு கட்டிக்கொண்டு வருகிறார்கள்! அந்தக் கப்பலிலும் ஓர் அத்தை இருந்திருக்க வேண்டும் என்பது நமது ஊகம். தொல்லியலார் இதை மறுக்கவில்லை. அவர்களிடம் கேட்கவும் இல்லை.

திட்டமிடலின் எல்லையை அறியவும் புதுச்சேரிக்கு வெளியே போக வேண்டியதில்லை. சூரியனை வெள்ளி கடப்பதைக் காண 1760இல் பிரான்சிலிருந்து கிளம்பினார் லெ ழாந்தீ என்ற வானியலாளர். 1761இல் அந்த நிகழ்வின்போது கப்பலில் நடுக்கடலில் இருந்தார். புதுச்சேரி ஆங்கிலேயர் வசம். அடுத்ததற்காக எட்டு ஆண்டு காத்திருந்து, புதுச்சேரிக் கோட்டையின் இடிபாடுகள்மேல் ஆய்வகம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலையில் சரியாக அந்நேரத்தில் மேகம் மூடியது. ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகக் கருதி உறவினர்கள் சொத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். தனியாகப் போனால் இதுதான் கதி என்பது பெரியப்பாவின் வாசிப்பு. வேனில் அவருக்கு இடம் உறுதியானது இந்த வாதத்தால்தான்.

கழிப்பறை குறித்து இரு பள்ளிகள் உண்டு. அமெரிக்கப் பள்ளி ஆறு அங்குலக் குழி தோண்டி, நீர்நிலைக்கு 200 அடி தள்ளி, மண்ணால் மூடச் சொல்கிறது. பாட்டியின் பள்ளி, “இதுக்கு எதுக்குடா மலைக்குப் போற? நாங்க சவுக்குத் தோப்புக்குப் போகலியா?” என்று கேட்கிறது. முறையியலில் பெரிய வேறுபாடு இல்லை.

ஆக, தமிழ்க் குடும்பம் காட்டில் தங்காது என்பது முடிவா? இல்லை. பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில், 1988இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகப் போய், தாமிரபரணிக் கரையில் குடில் போட்டு, பொங்கி, கிடா வெட்டி, அங்கேயே உறங்குகிறார்கள். குக்கரும் போகிறது, அத்தையும் போகிறாள். முன்பு பல நாள் தங்கினார்கள். இப்போது வனத்துறை நாட்களைக் குறைத்து, சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக்கைப் பறிமுதல் செய்கிறது. ஆற்றில் மிதந்த பைகளையும் பழைய துணிகளையும் பார்த்தவர்கள் அதைத் தவறென்று சொல்ல மாட்டார்கள். அய்யனார் முன்பதிவு கேட்பதில்லை. புலிக்கு மட்டும் நம் எண்ணிக்கை தாங்கவில்லை.

முதல்முறை போகிறவர்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரை இதுதான். ஓர் இரவு மொட்டை மாடியில் கூடாரம் போட்டுப் படுங்கள். அத்தை விடியும்வரை கீழே இறங்காவிட்டால் வனத்துறையின் சூழல் சுற்றுலா விடுதி எதற்காவது முன்பதிவு செய்யுங்கள். தீ மூட்டாதீர்கள், கொண்டுபோன குப்பையை வேனிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். குக்கரை மட்டும் தயவுசெய்து வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.