ஒரே ஊருக்கு எத்தனை முறை?

கேள்வி: கிராமத்துக்குப் போகாமலே கிராமப் பொருளாதாரம் எழுத முடியுமா?

பதில்: எழுதலாம். படித்துவிட்டு ஊர்க்காரர்கள், "இது எந்த ஊருங்க?" என்று கேட்பார்கள்!

கில்பர்ட் ஸ்லேட்டருக்கு அந்தச் சங்கடம் வரவில்லை. 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் அவர். அதற்கு முன்பு இங்கிலாந்தில் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு உழவர்கள் நிலமிழந்த வரலாற்றை ஆராய்ந்திருந்தார். நிலம் கைமாறினால் வாழ்க்கையே மாறும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே சென்னை மாணவர்களைப் பாடப்புத்தகத்தோடு விட்டுவிடாமல் கிராமங்களுக்கு அனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று விசாரித்து எழுதச் சொன்னார். அது 1918-ல் நூலானது. இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் ஆகிய ஊர்கள் எல்லாம் அதில் உண்டு.

இந்த ஆய்வுக்குப் பெரிய அதிர்ஷ்டம் பிறகுதான் வந்தது. 1930-களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராய வைத்தார்கள். 1980-களில் எஸ். குகன் வந்தார். தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்தவர், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து இருவேல்பட்டின் கணக்கைப் பார்த்தார். கோட்டையில் கோப்பு பார்த்தவர் வரப்பில் இறங்கியது அருமையான பதவி உயர்வு!

2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் குழுவும் இருவேல்பட்டுக்குப் போனது. பெரிய நிலக்கிழார்களின் பிடி தளர்ந்திருந்தது. தலித் மக்கள் அவர்களை நம்பியே பிழைக்கவேண்டிய நிலை குறைந்து, பலர் வெளிவேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருமுறை மட்டும் போயிருந்தால் இந்த மாற்றம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.